மேடையை விடுங்கள், பூவாளியைப் பாருங்கள்

ஓவியராகவும் சிற்பியாகவும் வாழ்ந்த எட்கர் டெகாவை ரசிப்பது எப்படி?

நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் ஒரு படம் இருக்கிறது. அதைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. மியூசியத்தின் இணையதளத்தில் செல்போனிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். 1877-ல் வரைந்த படம். இரண்டு பாலே பெண்கள், சுவரோரம் பதித்த கட்டையில் காலைத் தூக்கிப் போட்டுப் பயிற்சி செய்கிறார்கள்.

ஆனால் அவர்கள் படத்தின் நடுவில் இல்லை. வலப்பக்கம் மேல் மூலைக்குப் போய்விட்டார்கள். நடுவில் இருப்பது வெறும் தரை. இடப்பக்கம் சுவரோரத்தில் ஒரு பூவாளி, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோமே, அதேதான்.

நாட்டியப் பள்ளியில் பூவாளிக்கு என்ன வேலை? அங்கே மரத்தரை. பெண்கள் குதிக்கக் குதிக்கப் புழுதி கிளம்பும். புழுதி அடங்க, ஆடுவதற்கு முன் தண்ணீர் தெளிப்பார்கள். அதற்காகத்தான் அது அங்கே நிற்கிறது. இப்போது அந்தப் பூவாளியையும் வலது ஓரத்தில் நிற்கும் பெண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பூவாளியின் வளைந்த கைப்பிடி, அவள் கை. நீண்ட மூக்கு, அவள் தூக்கிய கால். ஒரு தகரச் சாமானும் ஒரு பெண்ணும் ஒரே மாதிரி நிற்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்தவுடன் லேசாகச் சிரிப்பு வருகிறதா? அப்படியென்றால் நீங்கள் டெகாவைப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள். இவர் படங்களில் வெளிச்சம் விழும் இடம் ஒன்று, விஷயம் நடக்கும் இடம் வேறொன்று. ஓரங்களில் தேடுகிறவருக்குத்தான் இவர் அகப்படுவார்.

ஆள் யார்?

எழுத்தில் பெயரின் கடைசியில் ஒரு ‘ஸ்’ உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். டெகா என்றாலே போதும்.

1834 ஜூலை 19 அன்று பாரீஸில் பிறந்தார். அப்பா வங்கிக்காரர். அம்மாவின் குடும்பம் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்தது. பதின்மூன்று வயதில் அம்மாவை இழந்தார். சட்டம் படிக்கச் சேர்ந்தார், மனம் ஒட்டவில்லை. லூவர் மியூசியத்தில் பழைய மாஸ்டர்களின் படங்களைப் பார்த்து வரைய அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டார். இருபத்தோராவது வயதில், அன்றைய பெரிய ஓவியரான ஆங்கரைச் சந்தித்தார். கோடு போடு, நிறையக் கோடு போடு என்பதுதான் பெரியவர் தந்த அறிவுரை. சாகும்வரை டெகா அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

1856 முதல் மூன்று வருடங்கள் இத்தாலி. 1870-ல் ஜெர்மானியப் படைகளுடன் போர் வந்தபோது பாரீஸ் காவல் படையில் சேர்ந்தார். துப்பாக்கிப் பயிற்சியில்தான் கண்ணில் கோளாறு இருப்பது தெரியவந்தது. அப்போது வயது 36. பிறகு இருந்த நாற்பத்தேழு வருடங்களும் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போனது. 1874-ல் அப்பா இறந்தார், குடும்பத்தின் கடன்கள் வெளியே வந்தன. வீட்டையும் சேகரிப்பையும் விற்றுக் கடனை அடைத்தார். பொழுதுபோக்குக்கு வரையக்கூடிய பணக்காரப் பிள்ளையாக இருந்தவர், வரைந்து விற்றால்தான் சாப்பாடு என்ற நிலைக்கு வந்தார்.

அதே 1874-ல்தான் இம்ப்ரஷனிஸ்டுகள் என்ற ஓவியர் குழுவின் முதல் கண்காட்சி. மொத்தம் நடந்த எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் டெகா கலந்துகொண்டார். ஆனாலும் அந்தப் பட்டம் அவருக்குப் பிடிக்காது. அந்தக் குழுவின் மோனே வயல்வெளியில் ஸ்டாண்டை நட்டு வெயிலை வரைந்தார். டெகா அறைக்குள் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்தும் நூற்றுக்கணக்கான கோட்டுப் படங்களிலிருந்தும் வரைந்தார். பார்க்க அந்தக் கணத்தில் பிடித்தது போலத் தெரியும் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் மாதக்கணக்கில் திட்டம் இருக்கும்.

முதல் பழக்கம்: விளிம்பைச் சுற்றி வாருங்கள்

டெகா படம் ஒன்று கிடைத்தால் முதலில் நடுவைப் பார்க்காதீர்கள். நான்கு விளிம்புகளையும் கோயில் பிராகாரம் சுற்றுவது போல ஒரு சுற்று வாருங்கள். யாருடைய கை வெட்டுப்பட்டிருக்கிறது? எந்த நாற்காலி பாதியில் நிற்கிறது? யார் படத்தைவிட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறார்?

‘கான்கார்ட் சதுக்கம்’ (1875) நல்ல பயிற்சிப் படம். டெகாவின் நண்பர் லெப்பிக் சுருட்டுடன் ஒரு பக்கமாக நடக்கிறார். இரண்டு மகள்களும் நாயும் வேறு பக்கம் பார்க்கிறார்கள். இடது விளிம்பில் ஒருவர் பாதி உடம்போடு நிற்கிறார். நடுவில் அகலமான வெறுமை. ஒரே குடும்பம், ஒருவர்கூட இன்னொருவரைப் பார்க்கவில்லை. இந்தப் படம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் காணாமல் போனதாகவே கருதப்பட்டது. 1995-ல் ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் மியூசியம் வெளியே எடுத்துக் காட்டியது.

அடுத்து, பாரீஸின் ஆர்சே மியூசியத்தில் இருக்கும் ‘அப்சின்த்’ (1875–76). கஃபேயில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் முன்னே பச்சை கலந்த மதுக் கோப்பை. கண் எங்கும் பார்க்கவில்லை. எல்லோரும் அந்த முகத்தோடு நின்றுவிடுவார்கள். நீங்கள் கீழே இறங்கி மேசையைப் பாருங்கள். மேசைக்குக் காலே இல்லை! பளிங்குப் பலகைகள் அந்தரத்தில் மிதக்கின்றன. ஒரு மேசைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு செய்தித்தாள் பாலம் போலக் கிடக்கிறது. நம் கண் அதன்மேல் நடந்துதான் அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்கிறது. போதையில் தரை நழுவுவதை முகத்தில் காட்டாமல் மேசையில் காட்டியிருக்கிறார். அவர்கள் இருவரும் நிஜக் குடிகாரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் நடிகை, அவர் ஓவியர். நண்பருக்காக வந்து உட்கார்ந்தவர்கள்.

இரண்டாம் பழக்கம்: கொட்டாவியைத் தேடுங்கள்

டெகா என்றாலே பாலே. காலண்டரில், பிஸ்கட் டப்பாவில், பெண் குழந்தைகளின் அறைச் சுவரில் என்று அந்தப் படங்கள் எங்கும் வந்துவிட்டன. அதனாலேயே அவை வெறும் அழகுப் படங்கள் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம்.

ஆர்சேயில் இருக்கும் ‘நடன வகுப்பு’ படத்தைத் திறந்து வையுங்கள். நடுவில் வயதான ஆசிரியர் ஜூல் பெரோ கம்பை ஊன்றி நிற்கிறார். அவர் எதிரே ஒரு பெண் ஆடிக் காட்டுகிறாள். இவ்வளவுதான் வகுப்பு. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இடப்பக்கம் பியானோ மேல் ஏறி உட்கார்ந்திருப்பவள் முதுகைச் சொறிகிறாள். பின்னால் மேடைப்படியில் அம்மாக்கள், காத்திருந்து அலுத்த முகங்களோடு. முன்னால் காலடியில் ஒரு நாய்க்குட்டி. பியானோவுக்குக் கீழே, ஆமாம், நம் பூவாளி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலே பயிற்சி நடந்த பாரீஸின் பழைய ஆபெரா கட்டடம் 1873 அக்டோபரில் தீப்பிடித்து எரிந்துபோனது. அது இல்லாமல் போன பிறகும் அதன் பயிற்சி அறைகளை டெகா ஞாபகத்திலிருந்து வரைந்துகொண்டே இருந்தார்.

சலவைக்கடைப் பெண்களையும் அவர் இப்படித்தான் பார்த்தார். துணி தேய்க்கும் இருவர் படத்தில் ஒருத்தி இரண்டு கையாலும் பெட்டியை அழுத்துகிறாள். பக்கத்தில் இருப்பவள் ஒரு கையில் பாட்டிலோடு, வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறாள். பிரெஞ்சு ஓவியத்தில் தேவதைகள் உண்டு, ராணிகள் உண்டு. இப்படி நிஜமான கொட்டாவியைப் பெரிதாக வரைந்தவர்கள் குறைவு. ஆட்டக்காரிக்கும் சலவைக்காரிக்கும் டெகாவின் கணக்கில் வித்தியாசம் இல்லை. இருவரும் உடம்பை வைத்துப் பிழைக்கும் தொழிலாளிகள்.

மூன்றாம் பழக்கம்: கறுப்புக் கோட்டைக் கண்டுபிடியுங்கள்

‘நட்சத்திரம்’ என்ற பேஸ்டல் படத்தில் மேலிருந்து ஒரு பால்கனிப் பார்வை. வெள்ளைப் பாவாடை விரிய ஒருத்தி தனியாக ஆடுகிறாள். மேடை விளக்கு கீழிருந்து அடித்து அவள் தொண்டையைப் பிரகாசமாக்குகிறது. பின்னால் திரைத்தட்டிகளுக்கு நடுவே பாருங்கள். கறுப்புக் கோட்டு போட்ட ஒரு ஆள் நிற்கிறான். அவன் தலையை ஒரு தட்டி மறைத்திருக்கிறது.

அவன் யார்? ஆபெராவுக்கு வருடச் சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு மேடைக்குப் பின்னால் போய் ஆட்டக்காரிகளோடு பழக அனுமதி இருந்தது. ஆடும் சிறுமிகளில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். பாரீஸ்காரர்கள் அவர்களைச் ‘சின்ன எலிகள்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளம் சொற்பம், ‘ஆதரவு’ தரச் சந்தாதாரர்கள் தயார். அது எதில் போய் முடியும் என்று ஊருக்கே தெரியும். டெகா இதைக் கண்டித்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோட்டை வரையாமல் விடவும் இல்லை. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அந்தப் படம் பிஸ்கட் டப்பாவுக்குத் திரும்பாது.

நான்காம் பழக்கம்: ஒட்டுப் போட்ட தாளைத் தடவிப் பாருங்கள், கண்ணால்

பார்வை குறையக் குறைய டெகா எண்ணெய்ச் சாயத்தை விட்டுப் பேஸ்டலுக்கு நகர்ந்தார். பேஸ்டல் என்பது சாயப் பொடியைக் குச்சியாக உருட்டியது. அதில் வரைகிறவர்கள் பொதுவாக விரலால் தேய்த்து மெழுகிவிடுவார்கள். டெகா ஒரு அடுக்குப் போட்டு, அது உதிராமல் இருக்க மேலே ஒட்டுத் திரவம் தெளித்து, அதன்மேல் அடுத்த நிறத்தைக் கோடு கோடாக இழுத்தார். நீலத்துக்கு மேல் ஆரஞ்சு, ஆரஞ்சுக்கு மேல் பச்சை. தள்ளி நின்றால் தோல். கிட்டே போனால் மழைக்கோடுகள்.

லண்டன் நேஷனல் கேலரியில் ‘குளித்தபின் துவட்டிக்கொள்ளும் பெண்’ இருக்கிறது. அதில் முகம் தெரியாது. முதுகும், அதைத் துவட்டும் கையும்தான். அந்தப் படம் ஒரே தாளில் வரைந்ததல்ல. வரைந்துகொண்டே போனவருக்கு இடம் பற்றாமல் இன்னொரு துண்டு, பிறகு இன்னொன்று என்று ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தால் ஒட்டுக் கோடுகள் தெரியும். தையல் தெரிந்த சட்டை மாதிரி. அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஓவியர் எந்த இடத்தில் மனம் மாறினார் என்பதன் தடம் அது.

ஐந்தாம் பழக்கம்: சிற்பத்தைச் சுற்றி வாருங்கள்

இப்போது சிற்பி டெகா. இவரைச் சிற்பி என்று வாழ்ந்த காலத்தில் அநேகம் பேருக்குத் தெரியாது. பொதுமக்கள் முன்னே அவர் வைத்தது ஒரே ஒரு சிற்பம்தான்.

மரீ வான் கோதெம் என்று ஒரு சிறுமி. பெல்ஜியத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா தையல்காரர், அம்மா சலவைக்காரி. ஆபெராவின் ‘சின்ன எலிகளில்’ ஒருத்தி. அவளை வைத்து டெகா வரைந்து வரைந்து, கடைசியில் மெழுகில் ஓர் உருவம் செய்தார். 1880 இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சியின் பட்டியலில் அதன் பெயர் வந்தது, சிற்பம் வரவில்லை. 1881-ல் கண்ணாடிப் பெட்டி வந்து, அதுவும் ஆரம்ப நாட்களில் காலியாகவே நின்றது. பிறகு ஒருநாள் அவள் உள்ளே வந்து நின்றாள்: ‘பதினான்கு வயதுச் சிறு நடனப் பெண்’.

உயரம் ஏறக்குறைய 99 சென்டிமீட்டர். சாயம் கலந்த தேன்மெழுகு உடம்பு. அதற்கு நிஜத் துணியில் ரவிக்கை, நிஜப் பாவாடை, நிஜக் காலணி. தலையில் மனித முடி, பின்னலில் நிஜ ரிப்பன். ரவிக்கைமேலும் முடிமேலும் மெல்லிய மெழுகைப் பூசியிருந்தார். எது துணி, எது உடம்பு என்று பிரிக்க முடியாதபடி.

பார்த்தவர்கள் திகைத்தார்கள். சிற்பம் என்றால் வெள்ளைப் பளிங்கு, கிரேக்க தெய்வம் என்று பழகிய ஊர் அது. மெழுகும் முடியும் துணியும் பொம்மைக்கு உரியவை. கண்ணாடிப் பெட்டியோ மருத்துவக் காட்சிசாலைக்கு உரியது. சிலர் அவள் முகத்தைக் குரங்கோடு ஒப்பிட்டார்கள். அதே கண்காட்சியில் டெகா குற்றவாளிகளின் முகங்களையும் வரைந்து வைத்திருந்தார். முக அமைப்பிலேயே குற்றம் எழுதியிருக்கும் என்று நம்பிய காலம். அந்தப் பார்வையின் நிழல் இந்தச் சிறுமிமேலும் விழுந்தது. ஒய்ஸ்மான்ஸ் என்ற எழுத்தாளர்தான், தனக்குத் தெரிந்து சிற்பக்கலையில் நடந்த உண்மையான நவீன முயற்சி இது ஒன்றுதான் என்று எழுதினார்.

மூல மெழுகுச் சிற்பம் இன்று வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அவளை எப்படிப் பார்ப்பது? எதிரே நின்றால் தெரிவது தூக்கிய மோவாயும் பாதி மூடிய கண்ணும். திமிர் என்று தோன்றும். அப்படியே பின்பக்கம் வாருங்கள். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் பிணைந்திருக்கின்றன. தோள்பட்டை இழுபடுகிறது. முன்னால் தெரிந்த திமிருக்கு அவள் கொடுக்கும் விலை பின்னால் தெரிகிறது. திரும்பவும் முன்னால் வந்து முகத்தைப் பாருங்கள். அது இப்போது வேறு முகம்.

அவள் உள்ளே என்ன இருக்கிறது என்பது இன்னும் சுவாரசியம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கம்பி, கயிறு, இவற்றோடு ஓவியத் தூரிகைகளும் இருந்தன! மெழுகு தாங்குவதற்குக் கையில் கிடைத்ததைச் செருகியிருக்கிறார். வேறு சில சிற்பங்களுக்குள் மதுப்பாட்டில் தக்கைகள். சிற்பிக்குள்ளே ஓவியர் என்று சொன்னால் அலங்காரப் பேச்சாகத் தெரியும். இங்கே அது எக்ஸ்ரேயில் தெரிகிறது.

மரீ என்ன ஆனாள்? 1882-ல் பயிற்சிக்கு ஒழுங்காக வரவில்லை என்று ஆபெரா அவளை நீக்கியது. அதன்பின் அவள் தடம் மறைந்துவிடுகிறது.

வெண்கலம் கண்டால் ஒரு கேள்வி

உலகத்தின் பல மியூசியங்களில் டெகாவின் வெண்கலச் சிற்பங்களைப் பார்க்கலாம். பாரீஸ், நியூயார்க், கோபன்ஹேகன், சாவோ பாவ்லோ. அவற்றின் முன் நிற்கும்போது ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றைக்கூட டெகா பார்த்ததில்லை.

1917 செப்டம்பர் 27 அன்று, 83-வது வயதில் அவர் இறந்தார். ஸ்டூடியோவைத் திறந்தவர்கள் ஏறத்தாழ 150 மெழுகு, களிமண் உருவங்களைக் கண்டார்கள். பாதிக்கு மேல் நொறுங்கிக் கிடந்தன. தேறியவற்றில் எழுபதுக்கும் மேற்பட்டவற்றை எப்ரார் வார்ப்பாலையில் பாலசோலோ என்ற கைதேர்ந்த வார்ப்புக்காரர் வெண்கலமாக்கினார். மூல மெழுகு உருகிப்போகாமல் அச்செடுத்ததுதான் அவர் திறமை.

டெகாவுக்கு இது பிடித்திருக்குமா? வெண்கலம் என்றென்றைக்கும் நிற்கும், அப்படி ஒன்றை விட்டுச் செல்லும் பொறுப்பு தனக்கு வேண்டாம் என்று அவர் சொன்னதாக ஓவிய வியாபாரி வொலார் எழுதியிருக்கிறார். முடியும் தறுவாயில் இருந்த ஒரு நடன உருவத்தை உருட்டி மெழுகு உருண்டையாக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியதையும் அவரே சொல்கிறார். அதனால் வெண்கலத்தில் வழவழப்பைத் தேடாதீர்கள். கட்டைவிரல் அழுத்திய குழி, மெழுகை அப்பிய திட்டு, இணையாமல் விட்ட விளிம்பு ஆகியவற்றைத் தேடுங்கள். குதிரையானாலும், வலது பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் பெண்ணானாலும், உடம்பு எப்படிச் சாயாமல் நிற்கிறது என்ற ஒரே கணக்கைத்தான் அவர் போட்டுக்கொண்டிருந்தார். ‘குளியல் தொட்டி’ சிற்பத்தை மட்டும் பக்கத்திலிருந்து பார்க்காதீர்கள். மேலிருந்து எட்டிப் பாருங்கள். அப்படிப் பார்க்கத்தான் அதைச் செய்தார்.

முள்ளும் இருக்கிறது

ரசிக்கிறவர் கண்ணை மூடிக்கொள்ளக்கூடாது. 1890-களில் ட்ரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரிமேல் பொய்யாகத் தேசத்துரோகக் குற்றம் சுமத்தி பிரான்ஸ் இரண்டாகப் பிளந்தபோது, டெகா யூத வெறுப்பின் பக்கம் நின்றார். வீட்டு ஆளைப் போல வரவேற்று வாராவாரம் சோறு போட்ட அலெவி குடும்பத்தோடு உறவை முறித்துக்கொண்டார். இந்தக் கூர்மையான கண்ணுக்கு அந்த அநியாயம் தெரியவில்லை. இதைத் தெரிந்துகொண்டு படங்களைப் பாருங்கள். கோடு எவ்வளவு கறாராக இருக்கிறது, அதற்குள் கருணை எங்கே முடிந்துபோகிறது என்று நீங்களே எடைபோடலாம்.

பூவாளிக்குத் திரும்புவோம்

முதலில் பார்த்த அந்தப் படத்துக்கு ஒரு கதை உண்டு. டெகாவின் பழைய பேஸ்டல் ஒன்று நண்பர் ஆன்றி ரூவாரிடம் இருந்தது. வந்து போகும்போதெல்லாம் அதில் ஏதோ திருத்த வேண்டும் என்று டெகா கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஒருநாள் எடுத்துப் போனார். திருத்தித் திருத்தி அது பாழானது. அதற்கு ஈடாகக் கொடுத்ததுதான் கட்டையைப் பிடித்த இரண்டு பெண்கள் படம். கொடுத்த பிறகும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பூவாளி மடத்தனமாக இருக்கிறது, அதை எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். ஒருமுறை சூடுபட்ட நண்பர் படத்தைக் கொடுக்கவில்லை.

ரூவார் இறந்த பிறகு 1912 டிசம்பரில் அது ஏலத்துக்கு வந்தது. கமிஷனோடு 4,78,500 பிராங்க். உயிரோடிருக்கும் ஓர் ஓவியரின் படத்துக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. டெகாவுக்கு அதில் ஒரு காசும் வராது. அவருக்கு 78 வயது. அந்த வருடம்தான் குடியிருந்த வீடு இடிபட்டு வேறிடம் மாறியிருந்தார். கண்ணும் ஏறக்குறைய போய்விட்டது, அதன்பின் வேலையும் நின்றுபோனது.

அழிக்க நினைத்தவர் கையில் அகப்படாமல் பூவாளி தப்பித்தது. இன்றைக்கும் சுவரோரத்தில் அப்படியே நிற்கிறது. செல்போனை எடுங்கள். படத்தைத் திறங்கள். இந்த முறை அந்தப் பெண்களுக்கு முன்னால் அதைப் பாருங்கள். தரை ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.